எளிலக்கா

இறந்துபோன தம்பி பாதியில் நிறுத்திய கேரம் ஆட்டத்தைப் புதிய கணினியில் ஓடவைக்க எழிலரசிக்கு ஒன்பது நாளாயிற்று. இன்று ஓடியது. சேமித்த பெயரைக் கேட்டது.

தம்பிக்கு 'ழ' வராது. 'எளிலக்கா' என்றுதான் சேமித்திருந்தான். அப்படியே தட்டினாள். திரையில் 'எழிலக்கா' என்று விழுந்தது. அந்தப் பெயரில் ஆட்டம் எதுவும் இல்லை என்றது. மறுபடி தட்டினாள். மறுபடியும் திருத்தியது.

"அவனைத் திருத்த முடியாத தமிழ் டீச்சர் இதுக்குள்ள வந்து உக்காந்துட்டாங்கடி," என்றான் கணவன்.

"சும்மா இருங்க. ஏய், தப்பாவே எழுதித் தொலை!"

"பிழையாக எழுத அனுமதி இல்லை," என்றது கணினி. "பெயரைச் சொல்லுங்கள், நானே எழுதுகிறேன்."

அவள் தம்பியைப் போலவே சொன்னாள்: "எளிலக்கா."

"எழிலக்கா," என்று கணினி நிறுத்தி, தெளிவாக உச்சரித்துக் காட்டியது.