அடுத்தடுத்து இரண்டு கமா

"சார், பிரிண்டரை நிறுத்துங்க! ரிசல்ட்டுல தப்பு இருக்கு" என்றாள் ஜெயமேரி.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் சென்டரை நடத்தும் சோலைமலைக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு கல்லூரியின் தபால்வழிப் பட்டப்படிப்புக்கு ரிசல்ட் தயாரித்துத் தரும் வேலை அது. வாங்கிப்போக ஆள் வாசலில் வந்து நிற்கிறார்.

"என்னம்மா குண்டைத் தூக்கிப் போடுற? புரோகிராம் நீ எழுதுனதுதானே?"

"ஆமா சார், தப்பு என்மேலதான்." அவள் திரையைக் காட்டினாள். "ஒவ்வொருத்தர் மார்க்கும் கமா போட்டு ஒரே வரியில வருது. அதைத் துண்டு துண்டாப் பிரிக்க, சி மொழியில இருக்குற ஸ்டர்டாக் ஃபங்ஷனைப் போட்டேன். பரீட்சைக்கு வராதவங்களுக்கு மார்க் இடம் காலி. ரெண்டு கமா ஒட்டிக்கிட்டு வருது. ஸ்டர்டாக் ரெண்டையும் ஒண்ணா நெனச்சுத் தாண்டிப் போயிருது."

"போனா?"

"எழுதாத பேப்பர் கணக்குலயே வராது. மத்த பேப்பர்ல மார்க் இருந்தா பாஸ்னு போட்டுரும்."

சோலைமலை நெற்றியைத் துடைத்தார். "எம்புட்டுப் பேரு அப்படி?"

"வராத மத்தவங்க எல்லாம் வேற பேப்பர்லயும் ஃபெயில். தப்பாப் பாஸானது ஒரே நம்பர்தான்."

"ஒண்ணுதானா!" அவருக்கு மூச்சு வந்தது. "விட்டுரும்மா. வெறும் நம்பர், யாருன்னு யாருக்குத் தெரியப் போகுது? பொழச்சுப் போகட்டும்."

"ஆச்சா சார்? வேன் நிக்குது" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

ஜெயமேரி திரையில் அந்த நம்பரை இன்னொரு தடவை பார்த்தாள்.

"வேணாம் சார். செத்த நேரம் குடுங்க, மாத்திர்றேன்."

"அந்த ஆளுக்கு ஒரு வருஷம் வீணாப் போயிரும்மா."

"போகட்டும் சார்."

ஸ்டர்டாக்கை எடுத்துவிட்டு, வரியை எழுத்து எழுத்தாகப் படித்து ஒவ்வொரு கமாவிலும் நிற்கும்படி மாற்றினாள். கரண்ட் போய்விடக் கூடாதே என்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். போகவில்லை. பிரிண்டர் மறுபடி கிறீச்சிட்டது. அந்த நம்பருக்கு நேரே இப்போது 'ஃபெயில்'.

கல்லூரி ஆள் ரிசல்ட் கட்டை வாங்கிக்கொண்டு கிளம்பியதும் சோலைமலை நாற்காலியில் சாய்ந்தார். "ஒண்ணுதாம்மா புரியலை. இம்புட்டு நம்பர்ல அது தப்புன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

ஜெயமேரி கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

"அது என் நம்பர் சார். அந்தப் பரீட்சை அன்னைக்கு நான் பிரசவ வார்டுல இருந்தேன்."