பரிவட்டத்துக்கு அளவு

“இருக்கிறதுலேயே விலை கம்மியா ஒண்ணு காட்டுங்க. போலீஸ் பிடிக்காம இருந்தா போதும்.”

ஹெல்மெட் கடைக்குள் கால் வைக்கும்போதே நிர்மலா சொல்லிவிட்டாள். வெளியே ஆட்டோவை நிற்க வைத்திருந்தாள்.

“யாருக்கும்மா?” என்றார் கடைக்காரர் தனசேகரன்.

“மருமகளுக்கு. பழசை உடைச்சிட்டா. எப்படின்னு கேட்டா, கை தவறிக் கீழே விழுந்துடுச்சாம்! பிடிக்கத் தெரியாதவளுக்கு நல்லது எதுக்கு?”

“போன மாசம் பையனுக்கு உசத்தியா வாங்கிட்டுப் போனீங்களே?”

“அவன் என் பையன். இவ தலைக்கு இது போதும்.”

தனசேகரன் எடுத்துத் தரலாம் என்றால், கவுண்டரில் இடம் இல்லை. கல்வராயன் மலையிலிருந்து வந்திருந்த பெரியண்ணனும் அவர் மனைவி வெள்ளச்சியும் ஏழு ஹெல்மெட்டுகளைப் பரப்பி வைத்திருந்தார்கள். பெரியண்ணன் ஒவ்வொன்றையும் விரலால் தட்டி, காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டார்.

“அது என்ன பலாப்பழமா?” என்றாள் நிர்மலா.

“பழமா இருந்தா ரெண்டு தட்டுல சொல்லிடுவேங்க. இது வாயே தொறக்க மாட்டேங்குது.”

சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து முடிச்சுப் போட்ட ஒரு நூல் வளையத்தை எடுத்தார். ஒரு ஹெல்மெட்டுக்குள் அதை வைத்துப் பார்த்தார். “பெருசு.” அடுத்தது. “சிறுசு.”

“காலையில கடை திறந்ததிலேர்ந்து இதேதாம்மா,” என்றார் தனசேகரன். பிறகு வெள்ளச்சியிடம், “நூல் எதுக்குக்கா? நீங்களே போட்டுப் பாருங்களேன்.”

“எனக்கு இன்னாத்துக்குங்க? நான் நடந்து போறவ.”

“அப்ப அண்ணனுக்கா?”

“எனக்கும் இல்ல. வேற ஒரு பொம்பளைக்கு,” என்றார் பெரியண்ணன், நூலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நிர்மலாவின் புருவம் ஏறியது.

வெள்ளச்சி சிவப்பில் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். “இந்தக் கலரு அவங்களுக்கு எடுப்பா இருக்கும், பாரு.”

இதற்கு மேல் நிர்மலாவால் முடியவில்லை. “ஏம்மா, உன் புருஷன் எவளுக்கோ வாங்கறார். நீ பக்கத்துல நின்னு கலர் பார்த்துக் குடுக்கறே! உனக்கு ரோஷமே கிடையாதா?”

வெள்ளச்சி ஒரு நொடி விழித்தாள். பிறகு கவுண்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஐயோ, இந்தாளுக்கா? இவருக்கு நான் ஒருத்தி கெடைச்சதே ஜாஸ்திங்க! இது எங்க நர்ஸம்மாவுக்கு. ஊரே சேந்து வாங்குது.”

ஏறிய புருவம் இறங்கியது.

“புள்ளைங்களுக்கு ஊசி போட மேல ஏறி வருவாங்க,” என்றார் பெரியண்ணன். “போன வாரம் மழையில, வளைவுல வழுக்கி வுழுந்துட்டாங்க. போட்டுக்கினு இருந்த ஹெல்மெட்டு ரெண்டா பொளந்துக்கிச்சு. தல தப்பிச்சுது. அப்பகூட இன்னா சொன்னாங்க தெரியுமா? ‘வீட்டுக்குத் தெரிய வேணாம், எங்க அத்தை பயந்துடுவாங்க’ன்னு.”

“சரி, தலை அளவு எப்படி எடுத்தீங்க?” தனசேகரனுக்கு அதுதான் சந்தேகம்.

“மாரியம்மன் திருவிழாவுல ஒங்களுக்குப் பரிவட்டம் கட்டப்போறோம், அளவு குடுங்கன்னேன்,” என்றாள் வெள்ளச்சி. “நம்பித் தலையைக் குனிஞ்சுட்டாங்க!”

“பரிவட்டத்துக்கு ஏது அளவு? யார் தலையா இருந்தாலும் சுத்திக் கட்டற துணிதானே!” என்றார் தனசேகரன்.

“அதானே! அம்மாம் படிச்சவங்க, அது தெரியல பாருங்க!”

மூன்று பேரும் சிரித்தார்கள். நிர்மலா சிரிக்கவில்லை.

முந்தாநாள் சாப்பிடும்போது மருமகள் பாரதி குதித்துக்கொண்டு சொன்னாள்: “அத்தை, மலையில எனக்குப் பரிவட்டம் கட்டப்போறாங்களாம். நூலால அளவெல்லாம் எடுத்தாங்க!”

“ஆமா, பெரிய மகாராணி. ரசத்தை ஊத்து,” என்றிருந்தாள் நிர்மலா. மருமகளின் முழங்கையில் பிளாஸ்திரி இருந்ததை அப்போதே பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

“அந்த நூலைக் குடுங்க,” என்றாள் இப்போது.

வாங்கி, ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட சிவப்பு ஹெல்மெட்டுக்குள் வைத்தாள். வாரை இழுத்துப் பார்த்தாள். உள் பஞ்சை அமுக்கிப் பார்த்தாள். “இதுதான் சரி. முடியைக் கழுத்துக்கிட்ட தாழ முடிஞ்சுக்குவா. இடிக்காது.”

“ஒங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

“நர்ஸுங்க அப்படித்தானே முடிஞ்சுக்குவாங்க!” என்று வெட்டிவிட்டு, தனசேகரன் பக்கம் திரும்பினாள். “என்ன பார்த்துக்கிட்டு நிக்கறீங்க? விலையைக் குறைங்க. இன்னும் குறைங்க. ஊருக்கு ஊசி போடறவ தலையில லாபமா பார்க்கறீங்க?”

அவர் குறைத்த பிறகுதான் விட்டாள். வெள்ளச்சி ஹெல்மெட்டைப் புடவைத் தலைப்பால் துடைத்து, குழந்தையைத் தூக்குவது போல எடுத்துக்கொண்டாள்.

“வெள்ளிக்கிழமை திருவிழாங்க. நீங்களும் மலைக்கு வாங்க,” என்றார் பெரியண்ணன்.

“வராம?” என்றாள் நிர்மலா.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த பாரதி, கூடத்தில் இருந்த பையைப் பிரித்தாள். “ஹெல்மெட்! எனக்கா அத்தை?”

“உனக்கு இல்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் நீ வண்டியைத் தொடக் கூடாது. பஸ்ல போ. அன்னிக்கு நானும் உன்கூட பஸ்ல மலைக்கு வர்றேன். அப்புறம் வண்டியில உன் பின்னால உட்கார எனக்கு ஒண்ணு வேண்டாமா?”

பாரதி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ரொம்ப மட்டமா இருக்கே அத்தை. நல்லதா வாங்கியிருக்கலாமே?”

நிர்மலா அதை வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

“என் தலைக்கு இது போதும்.”