வைக்கோல் வண்டியில் சலங்கை

"அழாதே மாதையா. சத்தம் மாப்பிள்ளை ஊட்டார் இருக்கற சத்திரம் வரைக்கும் கேக்கும்."

கந்தவேல் தன் துண்டை எடுத்து, வாயைப் பொத்திக்கொள்ளச் சொல்லி நீட்டினார்.

மாதையன் அதை வாங்கவில்லை. கந்தவேலின் புழக்கடையில், வேப்பமரத்தடியில், அவனுடைய குதிரை பவுனு செத்துக் கிடந்தது. பதினோரு வருஷம் அவன் வண்டியை இழுத்த மட்டக் குதிரை. அன்று சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளை ஏறி வருவதற்காகக் குளம்பில் மஞ்சள் பூசி, காலில் சலங்கை கட்டி, காலையிலேயே ஓட்டி வந்திருந்தான். நடுப்பகலில் வயிற்றுவலி கண்டு படுத்தது, எழுந்திருக்கவில்லை.

கந்தவேல் ராசிபுரத்தில் எட்டுத் தறி வைத்திருப்பவர். அவர் மகள் கமலவேணிக்கு மறுநாள் முகூர்த்தம்.

"முன்னால பந்தல், பின்னால பொணம்னு சம்பந்தியம்மா காதுல உளுந்தா, கல்யாணம் இத்தோட நின்னுரும். பூனை குறுக்க போச்சுன்னு நிச்சயத் தேதியையே ரெண்டு தடவை தள்ளி வெச்சவங்க அவங்க."

"நான் என்னங்க பண்ணோணும்?"

"என் மாட்டு வண்டியில ஏத்தி, மேல வைக்கோலைப் போட்டு மூடி, உன் காட்டுக்குக் கொண்டுபோய்ப் பொதைச்சுரு."

"குப்பையாட்டமுங்களா?"

கந்தவேல் ஒரு கட்டு வைக்கோலை இழுத்து வந்து போட்டார்.

மாதையன் வீட்டுப் பக்கம் திரும்பினான். நலங்கு வைத்த கைகளால் சன்னல் கம்பியைப் பிடித்தபடி கமலவேணி நின்றிருந்தாள். பவுனு அந்தத் தெருவுக்கு வரும்போதெல்லாம் வெல்லக்கட்டியோடு ஓடி வந்து வளர்ந்த பெண்.

"அம்மிணிக்காகச் செய்யறனுங்க. மேளம் வேண்டாம், மாலை வேண்டாம். போத்தறதுக்கு ஒரு கோடித் துணி மட்டும் குடுங்க. உங்க ஊட்ல துணிக்கா பஞ்சம்?"

கந்தவேல் தலையைக் குனிந்துகொண்டார். "கல்யாண ஊட்லருந்து பொணத்துக்குக் கோடி போகக் கூடாதப்பா."

மாதையன் அதற்கு மேல் கேட்கவில்லை. தறிக்கார ஆட்கள் நாலு பேர் பலகை கொடுத்துப் பவுனை வண்டியில் ஏற்றினார்கள்.

ஏரிக்கரையிலுள்ள அவன் காட்டுக்கு வண்டி போக ஒரே பாதைதான். அது மாப்பிள்ளை வீட்டார் தங்கியிருந்த சத்திரத்தின் பின்வாசலை ஒட்டிப் போயிற்று. சேலத்திலிருந்து கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் வந்த அலுப்பில் எல்லாரும் தூங்குவார்கள் என்று கந்தவேல் சொன்னார். சொல்லிவிட்டு, மனசு கேட்காமல் வண்டிக்குப் பின்னாலேயே நடந்தார்.

ஒருவர் தூங்கவில்லை. பின்வாசல் படியில், வெள்ளைச் சீலையில், மாப்பிள்ளையின் தாய் சுப்பம்மாள் உட்கார்ந்திருந்தார். கணவனை இழந்தவர், விசேஷ நாட்களில் முன்வாசல் பக்கம் வருவதில்லை.

சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கியது.

வைக்கோலுக்குள் சலங்கை குலுங்கியது. அதை அவிழ்க்க மறந்திருந்தார்கள்.

"நிறுத்துப்பா," என்றார் சுப்பம்மாள். "வைக்கோலுக்குள்ள என்ன சத்தம்?"

"மாட்டோட மணிங்க."

சுப்பம்மாள் மாடுகளைப் பார்த்தார். இரண்டுக்கும் வெறுங்கழுத்து. பிறகு மாதையன் முகத்தைப் பார்த்தார். பிறகு கந்தவேலின் முகத்தை.

"மாப்பிள்ளைக்குக் குதிரை வந்தாச்சுங்களா, சம்பந்தி?"

"லாடம்... லாடம் கழண்டு போச்சுங்க. அடிக்கப் போயிருக்குது."

"சரி."

அவர் எழுந்து உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

கந்தவேல் அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். "போச்சு மாதையா. என் பொண்ணு பொழப்புப் போச்சு."

அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மாதையன் அந்த நாலு ஆட்களோடு காட்டுக்குப் போனான். நாலு மணிக்கு மேளம் தொடங்க வேண்டும். காட்டில் குழி வெட்டி முடித்தபோது நாலரை ஆகியிருந்தது. மாதையன் மண்வெட்டியை நிறுத்தி நிறுத்தி ஊர்ப்பக்கம் காது கொடுத்தான். ஒரு சத்தமும் இல்லை.

பவுனை இறக்கினார்கள்.

"உன்னால அந்தப் புள்ளைக்குக் கெட்ட பேரு வந்துரும் போலிருக்குதே, பவுனு," என்றான் மெல்ல.

அப்போதுதான் வரப்பில் ஒரு வெள்ளைச் சீலை தெரிந்தது. ஆட்கள் நாலு பேரும் ஒதுங்கி நின்றார்கள்.

சுப்பம்மாள் விளிம்பில் நின்று குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"வைக்கோலைப் பொதைக்க இத்தனை பெரிய குழியா?"

மாதையன் கையெடுத்துக் கும்பிட்டான். "அம்மிணி மேல ஒரு குத்தமும் இல்லீங்க. குதிரை என்னுது. பாவமும் என்னோட போகட்டுங்க."

"எம் புருஷன் சாகறப்ப எனக்கு இருபத்திரண்டு வயசு. இவ வந்த ராசின்னாங்க. இன்னைக்கும் சொல்றாங்க." சுப்பம்மாள் குழியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பூனைக்கு நான் பயந்தேன்னா நெனைச்சீங்க? நாளைக்கு எங்க ஊட்ல யாருக்காவது காய்ச்சல் வந்தாக்கூட, சகுனம் பாக்காம கட்டுன பொண்ணுன்னு எங்க பங்காளிங்க அவ தலையிலதான் போடுவாங்க. அதுக்குத்தான் தேதியத் தள்ளுனேன்."

இடுக்கியிருந்த பொட்டலத்தைப் பிரித்தார். மடிப்புக் கலையாத, கஞ்சி மணம் போகாத வெள்ளைச் சீலை.

"கல்யாணத்துக்குக் கட்டிக்கோன்னு பையன் எடுத்துக் குடுத்தது. நான்தான் மணவறைப் பக்கம் போகப் போறதில்லையே. இதைப் போத்தி விடு."

மாதையன் குழிக்குள் இறங்கிப் போர்த்தினான். பல்லைக் கடித்துக்கொண்டான்.

அந்த நேரம் ஊர்ப்பக்கம் தவில் முழங்கியது.

"குதிரைக்கு லாடம் சரியாகலை, நடந்தே போடான்னு பையன்கிட்டச் சொல்லிட்டேன். பங்காளிங்களைச் சமாதானம் பண்ணத்தான் நேரமாயிருச்சு." சுப்பம்மாள் திரும்பி வரப்பில் ஏறினார். நாலு அடி போய் நின்றார்.

"மேளத்தை ஓங்கி அடிக்கச் சொல்லியிருக்கேன், சாமி. இப்ப அழு. யாருக்கும் கேக்காது."