யார் வீட்டுச் சுருட்டை?

“எங்க வம்சத்துல யாருக்கும் சுருட்டை கிடையாது. எம் மக சடங்குக்குள்ள உம் பிள்ளை முடிய நீட்டி விட்டுரு” என்று நாத்தனார் சங்கரேஸ்வரி போனில் சொல்லிவிட்டாள். பூமாரி புருஷனைப் பார்த்தாள். அவன் வாயே திறக்கவில்லை.

ஊருக்குள் வேண்டாமென்று, மகள் திரிஷாவைத் தேனிக்கு பஸ் ஏற்றி, அல்லிநகரத்தில் ஒரு பார்லருக்குக் கூட்டிப்போனாள்.

“ஆறு வயசுப் பிள்ளைக்கு இந்த மருந்து தேவையாக்கா?” என்றாள் பார்லர்காரப் பெண்.

“எரியுமாம்மா?” என்றாள் திரிஷா.

பூமாரிக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் சபையில் நாத்தனார் வாய்க்கு யார் பதில் சொல்வது? “போட்டு விடும்மா” என்றாள்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி முக்காட்டோடு உள்ளே வந்தாள். “சடங்கு நெருங்கிருச்சும்மா. வேர்ல மறுபடி சுருண்டு வருது பாரு, சட்டுனு நீட்டி விடு” என்று முக்காட்டை எடுத்தாள்.

சங்கரேஸ்வரி.

“அத்தே, உங்களுக்கும் என்னைய மாதிரியே இருக்கு” என்று திரிஷா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

புருஷன் ஏன் வாய் திறக்கவில்லை என்பது பூமாரிக்கு இப்போதுதான் விளங்கியது. மகள் கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து நாத்தனாரிடம் நீட்டினாள்.

“நீங்க உக்காருங்க மதினி. சடங்குக்கு வாரவுக கேட்டா, பிள்ளை அத்தை ஜாடைன்னு சொல்லிக்கிறேன்.”