எடைமேடை போன்

"யாரு திருடன்னு இந்த மிஷினே சொல்லிடுமா?"

ஆலையில் பேசுவதை வெளியே சொல்வது யார்? அரிசி ஆலை முதலாளி வேதகிரிக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டும்.

"திருடனை எல்லாம் சொல்லாது சார்," என்றான் மோகன்குமார். போன மாதம் உத்திரமேரூர் ஆலை முழுக்க இன்டர்நெட்டில் ஓடும் எஸ்.ஐ.பி. போன் மாட்டிக் கொடுத்தவன். "எந்த போன்ல இருந்து எந்த போனுக்கு, எப்போ, எவ்வளவு நேரம். பேசி முடிச்சதும் ஒவ்வொரு போனும் அனுப்பிடும். மாட்டின நாள்லேருந்து எல்லாம் இந்தக் கம்ப்யூட்டர்ல சேர்ந்திருக்கு."

"இன்னா பேசினாங்கன்னு?"

"அது வராது."

"பாதி வேலைதான் செஞ்சிக்கீறே. சரி, காட்டு."

முதலில் மாட்டியது கணக்கு எழுதும் சசிரேகா.

"காவாந்தண்டலத்துல யாரும்மா உனுக்கு?"

"எங்க அக்கா சார். ஒரே ஒரு நிமிஷம்தான்..."

"ஒரு நிமிஷமா? அதுக்குள்ள ஒலை வெச்சு சோறே வடிச்சிடலாம் போல கீது."

சசிரேகா பேனாவைக் கடித்துக்கொண்டாள்.

மோகன்குமார் திடீரென்று திரைப்பக்கம் குனிந்தான்.

"சார், இதைப் பாருங்க. தினமும் மத்தியானம், சாப்பாட்டுக்கு அப்புறம். எடைமேடை போன்ல இருந்து ஒரே நம்பருக்கு. ஒரு மணி நேரத்துக்குக் குறையல."

எடைமேடையில் நெல் வண்டிகளை நிறுத்து அனுப்புகிறவன் தானியேல்.

"தானியேலா? புள்ளைங்க ஸ்கூலு போவுது. இந்த வயசுல யாருகிட்ட கொஞ்சறான்?"

"உங்ககிட்ட சார்."

"இன்னா?"

"அந்த நம்பர் உங்க ரூம் போன்."

"நான் அவங்கிட்ட பேசவே இல்லியே!"

"நீங்க பேச வேண்டாம் சார். ஆலைக்குள்ள எந்த போன்லேருந்து கூப்பிட்டாலும் மணி அடிக்காது. அதுவே ஸ்பீக்கர்ல எடுத்துக்கும். சோத்துக் கையோட எப்படிய்யா எடுக்கறதுன்னு நீங்கதான் அப்படி வைக்கச் சொன்னீங்க."

வேதகிரிக்கு உறைத்தது. அந்த நேரத்தில் அவர் அறை தாழிட்டிருக்கும். முதலாளி கணக்குப் பார்க்கிறார் என்று பேர். யாரும் தட்டக் கூடாது.

"ஒட்டுக் கேக்கறானா! நான் பேசி வெச்ச நெல்லு பெருநகர் மில்லுக்குப் போச்சே, அது இப்பிடித்தானா? கூப்பிடு அவனை."

மேடையில் ஏறின டிராக்டரை அப்படியே விட்டுவிட்டு தானியேல் வந்தான்.

"நாளைலேருந்து வேலைக்கு வராத. சாவிய வெச்சுட்டுக் கெளம்பு."

"மொதலாளி..."

"என் ரூம்ல நடக்கறத தெனம் போன்ல கேட்டுக்கினு இருந்தியா, இல்லியா?"

தானியேல் கம்ப்யூட்டரைப் பார்த்தான். மோகன்குமாரைப் பார்த்தான்.

"கேட்டேங்க."

"பாத்தியா! எந்த மில்லுக்காரன் கேக்கச் சொன்னான்? நான் பேசன ரேட்டெல்லாம் யாருகிட்டப் போய் சொன்னே?"

"நீங்க ஒண்ணுமே பேசலியே மொதலாளி."

"பேசலியா? அப்ப ஒரு மணி நேரமா இன்னாத்தய்யா கேட்டே?"

தானியேல் மறுபடி மோகன்குமாரைப் பார்த்தான்.

"அண்ணா, வேலையே போவுது. சொல்லித் தொலைங்க," என்றாள் சசிரேகா.

"வெளியாளு கீறாரேம்மா."

"சொல்றியா, போலீசைக் கூப்பிடட்டுமா?"

"கொறட்டைங்க."

மோகன்குமார் அவசரமாகத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தான். சிரிப்போடு தண்ணீரும் மூக்கில் ஏறியது.

"யாருய்யா தூங்கினது? நான் கண்ணை மூடிக்கினு மனக்கணக்குப் போடறேன்! ஊரையே கூட்டி வெச்சுக் கேட்டு சிரிச்சீங்களா?"

"நான் மட்டுந்தாங்க கேட்டேன். சிரிக்கல." தானியேல் தரையைப் பார்த்தபடி சொன்னான். "நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரியில படுத்துட்டு வந்தீங்க. வந்தும் கதவைத் தாப்பா போட்டுக்கிறீங்க. கூட ஒரு ஆளு இருந்தா கத்தறீங்க. அதான் போனைப் போட்டு, என் பக்கம் சத்தம் வராம அமுக்கி, காதாண்ட வெச்சுக்கினு எடை போடறேன்."

மோகன்குமார் பாட்டிலைக் கீழே வைத்தான்.

"கொறட்டை வந்துக்கினே இருந்தா எனுக்கு நிம்மதி. ஒரு தபா நின்னுடுச்சு. விழுந்தடிச்சு ஓடியாந்தேன். கதவாண்ட வந்தா மறுபடி கேட்டுச்சு. திரும்பிப் போய்ட்டேன்."

வேதகிரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டினார்.

"தாப்பா போட்ட கதவாண்ட வந்து இன்னாத்தக் கிழிச்சிருப்பே?" குரலில் பழைய வேகம் இல்லை.

தானியேல் தலையைச் சொறிந்தான்.

"அதுக்குத்தான் எடைமேடையில ஒரு கடப்பாரை வெச்சுக்கீறேங்க."