மார்பு முப்பத்திரண்டு

அளவு வந்துவிட்டது.

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு போனை எடுத்தாள்.

கழுத்து பதினான்கு. தோள் பதினாறு. மார்பு முப்பத்திரண்டு. கை இருபத்துநான்கே முக்கால்.

மறுபடியும் படித்தாள்.

பிறகு அவன் படத்தைத் திறந்தாள். கப்பலின் கம்பியில் சாய்ந்து, கடலுக்கு முதுகு காட்டி நிற்கிற நிரஞ்சன். கப்பல் இன்ஜினியர். மனைவி இறந்து நாலு வருஷம். இந்த ஆறு மாதத்தில் அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்று கேட்டால் அவளுக்கே வெட்கமாகிவிடும்.

இன்று முகத்தைப் பார்க்கவில்லை. தோளைப் பார்த்தாள்.

பத்தொன்பது. ஒரு நூல் குறைந்தாலும் தையல் மிஷினை விற்றுவிடலாம்.

அருப்புக்கோட்டையில் இருபத்திரண்டு வருஷமாக ஆண்களுக்குச் சட்டை தைக்கிறவள் அவள். கடைவாசலில் ஆள் செருப்பைக் கழற்றும்போதே மார்பு என்ன என்று சொல்லிவிடுவாள். டேப் பிடிப்பதெல்லாம் வந்தவர் மனத்திருப்திக்கு.

படத்தில் நிற்கிறவனுக்கு மார்பு நாற்பத்திரண்டு. கண்ணாலேயே அளந்து, வெள்ளைத் துணியில் கோடும் போட்டு வைத்திருந்தாள். வெட்ட வேண்டியதுதான் பாக்கி.

கை தவறி நான்குக்குப் பதிலாக மூன்றை அழுத்தியிருப்பானோ?

சே. மனசு எப்படியெல்லாம் வக்காலத்து வாங்குகிறது!

மார்பு தவறலாம். தோளுமா? கழுத்துமா? நான்கு அளவும் ஒரே ஒல்லி உடம்புக்குக் கச்சிதமாகப் பொருந்துகின்றன. அந்த முக்கால் வேறு. வாயில் வந்ததைச் சொல்கிறவன் இருபத்துநான்கு என்பான், இருபத்தைந்து என்பான். டேப் பிடித்துப் பார்த்தவனுக்குத்தான் முக்கால் வரும்.

அப்படியென்றால் எவனோ ஒருவன் தன்னைத்தானே அளந்து அனுப்பியிருக்கிறான்.

சந்தேகத்தை முதலில் போட்டவள் கடையில் காஜா எடுக்கிற முத்துமாரி. போன வாரம், பட்டன் துளையிலிருந்து ஊசியை இழுத்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"போட்டோவுல இருக்கவருதேன் எழுதுறாருன்னு என்னக்கா நிச்சயம்?"

அவளுக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் முத்துமாரியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆனால் கேள்வி கூடவே இருந்தது. குரலைக் கேட்க வேண்டும் என்றால் சிக்னல் இல்லை என்கிறான். முகத்தைக் காட்டு என்றால் கேமரா பழுது. அதெப்படி, "சாப்பிட்டீர்களா அரசி?" என்று மூன்று வேளையும் புத்தகத் தமிழில் கேட்பதற்கு மட்டும் நடுக்கடலில் சிக்னல் கிடைக்கிறது?

மங்கையர்க்கரசி என்ற பெயரை அரசி என்று சுருக்கியது அவன்தான். நாற்பத்தாறு வயது வரைக்கும் வேறு யாருக்கும் அது தோன்றவில்லை.

அவள் சாப்பிட்டாளா என்று கேட்கவும் தோன்றவில்லை.

அதனால்தான் இன்று காலையில் எழுதினாள். நீங்க வர்றப்போ போட்டுக்க ஒரு சட்டை தைக்கிறேன், யாரையாவது டேப் பிடிக்கச் சொல்லி அளவு அனுப்புங்க என்று.

பத்து நிமிஷத்தில் அளவு வந்தது. அதன் கீழேயே இன்னொன்றும்.

"டிக்கெட் பதிவு செய்கிறேன் அரசி. உங்கள் போனுக்கு ஆறு இலக்க எண் வரும். அதை மட்டும் அனுப்புங்கள்."

எண்ணும் வந்துவிட்டது. வங்கியிலிருந்து. யாரிடமும் சொல்லாதீர்கள் என்ற வரியோடு.

அவன் டிக்கெட்டுக்கு அவளுடைய வங்கி ஏன் எண் அனுப்புகிறது?

போன மாதம், கல்யாணப் பதிவுக்கு வேண்டும் என்றான். ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். சொந்தமாக ஒரு கடை வாங்க அவள் சேர்த்ததெல்லாம் அந்தக் கணக்கில்தான் கிடக்கிறது.

அடப்பாவி. ஆறு மாதமாகக் காதில் பூச்சுற்றியிருக்கிறான். அவளும் தலையைச் சாய்த்துக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

அழுகை வந்தது. அதற்கு முன்னால் கோபம் வந்தது.

எண் வந்த செய்தியை அழித்தாள்.

"எண் வந்ததா?"

"அரசி?"

"சீக்கிரம். நேரமாகிறது."

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று எழுத ஆரம்பித்தாள். கண் மறுபடியும் மேலே போய் அளவில் நின்றது.

கை இருபத்துநான்கே முக்கால் என்றால் வளர்ந்த ஆள். வளர்ந்த ஆளுக்கு மார்பு முப்பத்திரண்டு என்றால் விலா எலும்பை எண்ணிவிடலாம்.

அவன் சொன்னதில் உண்மை என்று இருப்பது இந்த நான்கு எண்தான்.

எழுதியதை அழித்தாள். வேறு எழுதினாள்.

"நீ சாப்டியா?"

அவனை நீ என்றது இதுதான் முதல் தடவை.

அவன் எழுதிக்கொண்டிருப்பதாகப் போன் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. மறுபடி நின்றது.

முத்துமாரி ஊசியை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதில் வந்தது.

"இல்லக்கா."

அரசி இல்லை. அக்கா.

புதுத் துணியை விரலிடுக்கில் தேய்த்துப் பார்க்கிற மாதிரி அந்த ஒற்றைச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயம் போகுமா, நிற்குமா? இதையும் பக்கத்தில் இருந்து எவனாவது சொல்லிக் கொடுத்திருப்பானா?

தெரியவில்லை.

போனில் அவனை பிளாக் செய்தாள். வங்கிக்குப் போன் போட்டுக் கணக்கை நிறுத்தி வைக்கச் சொன்னாள். கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னாள்.

பிறகு மேஜைக்கு வந்தாள். நாற்பத்திரண்டுக்குப் போட்டிருந்த கோட்டைத் துணியிலிருந்து தட்டி அழித்தாள்.

டேப்பை எடுத்து, தோளுக்குப் பதினாறு வைத்தாள்.