அரை நூல்

எகிப்தின் டமியெட்டா துறையில் நின்ற அந்த மீன்படகின் என்ஜினுக்கு இரண்டு மெக்கானிக்குகள். ஷர்பீனி டீசல் பம்பை அரை நூல், ஒரு மயிரிழை அளவு, முன்னால் திருப்பி வைப்பார். டீசல் முந்திப் பற்றி, என்ஜின் டொக்டொக்கென்று தட்டும். ரிஃபாத் வைதுகொண்டே பின்னால் திருப்பி வைப்பார். இருபது வருஷச் சண்டை.

ஷர்பீனி செத்த பிறகும் தினமும் காலையில் பம்ப் முன்னால்தான் திரும்பியிருந்தது. என்ஜின் அறைச் சாவி ரிஃபாத்திடம் மட்டுமே இருந்தது.

“என்ன உஸ்தா, இன்னும் தட்டுதே?” என்றார் படகோட்டி.

“செத்தும் அடங்கமாட்டேங்கிறான் கழுதை,” என்றார் ரிஃபாத்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதிய மறுநாள், பம்ப் ரிஃபாத் வைத்த இடத்திலேயே இருந்தது. என்ஜின் தட்டாமல் ஓடியது. ரிஃபாத் ஸ்க்ரூடிரைவரை அதன்மேல் ஊன்றி, பிடியில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு தானே பம்பை அரை நூல் முன்னால் திருப்பிவிட்டு, அறையைப் பூட்டினார்.

காலையில் அது பின்னால், ரிஃபாத் எப்போதும் வைக்கும் இடத்துக்கே திரும்பியிருந்தது. பம்பைப் பிடித்திருந்த போல்ட், அவர் கைக்கு அசையாத இறுக்கத்தில் இருந்தது.